தையல் தளத்துக்கு வந்த தப்பு முகவரி

நல்லூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆபீஸ், கட்டிங், தையல் என்று தளத்துக்கு ஒரு நெட்வொர்க். கம்ப்யூட்டர்களுக்குத் தானாக ஐ.பி. முகவரி கொடுக்கும் சர்வர் மட்டும் ஒன்றே ஒன்று, ஆபீஸில். தையல் தளத்தில் ஒரு கம்ப்யூட்டர் முகவரி கேட்டால் அந்தக் கேள்வி தளத்தைத் தாண்டாது. நடுவிலிருக்கும் ரவுட்டர் அதை வாங்கி சர்வரிடம் சேர்த்து, பதிலைக் கொண்டுவந்து தரும்படி அமைத்திருந்தேன். ஒழுங்காக ஓடுகிறவரை அப்படியொன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை காலை, நான்காவது தையல் லைனின் கம்ப்யூட்டரை யாரோ அணைத்து மறுபடி போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த லைனில் தைத்த துணிக் கட்டுகளை ஸ்கேன் செய்தும் சுவரிலிருந்த திரையில் எண்ணிக்கை ஏறவில்லை. என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே மேனேஜர் லைன் சூப்பர்வைசரைப் பிடித்துக்கொண்டார். அந்த அக்கா தூத்துக்குடிப் பக்கம்.

“மத்த லைனெல்லாம் ஓடுது, உங்க லைன் மட்டும் தூங்குதுங்களா?”

“தைக்காமலா சார் இவ்வளவு கட்டு கெடக்கு? திரும்பிப் பாருங்க.”

அவர் திரும்பவில்லை. லைனில் இருந்த எல்லாப் பெண்களும் பார்க்க, அந்த அக்காவை ஹெல்பர்கள் நூல் பிசிறு வெட்டும் மேசைக்கு அனுப்பிவிட்டார்.

நான் போய்ப் பார்த்தபோது அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது எங்கள் சர்வர் கொடுத்த முகவரியே இல்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அயர்ன் மேசைக்குப் பின்னால் ஒரு வைஃபை பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. செல்போனுக்கு சிக்னல் வேண்டுமென்று முதலாளி மகன் வீட்டிலிருந்து கொண்டுவந்து சொருகியது. காலையில் அந்தக் கம்ப்யூட்டர் மறுபடி முகவரி கேட்டபோது, எங்கள் சர்வருக்கு முந்திக்கொண்டு அது ஒரு முகவரியைக் கொடுத்திருக்கிறது; அதனால்தான் ஸ்கேன் செய்தது எதுவும் திரைக்குப் போகவில்லை. பிடுங்கினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் எண்ணிக்கை ஏறியது.

தப்பு அந்தப் பெட்டியால் வந்தது, லைனால் இல்லை என்று மேனேஜரிடம் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன். “செரிங்க, இப்ப ஓடுதில்லீங்களா” என்று நகர்ந்துவிட்டார்.

முதலாளி மகனிடம் போனேன். “இதைப் போயி ஊருக்கெல்லாம் சொல்லோணுமாங்க? நெட்வொர்க் பிரச்சனைன்னு சொல்லிருங்க.”

“அப்ப அந்த அக்காளுக்கு யாருங்க பதில் சொல்றது?”

அவர் செல்போனைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார்.

“நீங்க பேசுனது கேட்டுச்சு. ஆனா மேனேஜருல்லா வந்து சொல்லணும்” என்றார் பிசிறு மேசையில் இருந்த அந்த அக்கா. யாரும் வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போன அந்த அக்கா வேலைக்குத் திரும்பவுமில்லை.

எங்கள் சர்வரைத் தவிர வேறு எது முகவரி கொடுத்தாலும் தடுக்கும்படி எல்லா நெட்வொர்க் சுவிட்சுகளின் அமைப்பையும் மாற்றினேன். அது எனக்கு ஒரு மணி நேர வேலை. புதிதாக வந்த சூப்பர்வைசரிடம் மேனேஜர், “முன்னாடி இருந்தவங்களுக்கு லைனை ஓட்டத் தெரியலைங்க” என்றார். பக்கத்தில் நின்றிருந்த நான், “அது பொய்ங்க” என்றேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. ஆள் விட்டுத்தான் சொல்லி அனுப்புகிறார்.