தூக்காத கை

ஜனநாயகத்தைப் பாடமாக நடத்துவது சுலபம். வகுப்பில் நடத்திப் பார்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது. சாக்பீஸ் தூசியில் ஆயுளைக் கழிக்கும் சக ஆசிரியர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? பசுவந்தனைப் பக்கம் ஒரு கிராமம். ஐந்து வகுப்பும் ஒரே அறையில். வாரம் ஒருநாள் பிள்ளைகளைச் சபை கூட்ட வைத்தேன். எனக்கு எதிராக ஒரே ஒரு பிள்ளையாவது பேசிவிடாதா என்று அப்படி ஏங்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு ஒரு ஓட்டு

முதலில் தலைவர் தேர்தல். தீப்பெட்டி பண்டல் வந்த அட்டைப்பெட்டிதான் ஓட்டுப்பெட்டி. எண்ணினால் பாதி ஓட்டைக் காணோம். கோயில் கொடைத் திருவிழா விஷயத்தை ஊரில் தலைக்கட்டுக் கணக்கில், வீட்டுக்கு ஒருவராக உட்கார்ந்துதான் பேசி முடிப்பார்கள். பிள்ளைகளும் அதையே செய்திருக்கிறார்கள். "நீ ஏம்மா போடலை?" என்று மூன்றாம் வகுப்பு முத்துமாரியிடம் கேட்டேன். பக்கத்திலிருந்த அண்ணனைக் கைகாட்டினாள்.

"எங்க தலைக்கட்டுக்கு இவன் போட்டுட்டாம்லா டீச்சர்."

எல்லோருக்கும் சம்மதம்

ஆளுக்கொரு ஓட்டு என்று மறுதேர்தல் வைத்துச் சரிசெய்தேன். ஆனால் சபையில் நான் எதைச் சொன்னாலும் அத்தனை கையும் எழுந்தது. வெறுத்துப்போய் ஒருநாள், "இனி விளையாட்டு பீரியடே கிடையாது, சம்மதமா?" என்று கையைத் தூக்கினேன். யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று பார்த்தால், பந்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தவனும் மறு கையைத் தூக்கினான். ஏன்டா என்றேன்.

"நீங்களே தூக்கிட்டிய, பொறவு நாங்க எப்படித் தூக்காம இருக்க?"

கடைசித் தீர்மானம்

அதன்பிறகு சபையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன். கோவில்பட்டியில் அம்மா இடுப்பெலும்பு முறிந்து தனியாகப் படுத்திருந்ததால் அங்கே மாறுதல் கேட்டிருந்தேன். இடம் கிடைத்ததும் போக மனம் வரவில்லை. நான் தவித்துக்கொண்டிருந்த அந்த வாரம், பிள்ளைகளே சபையைக் கூட்டிவிட்டார்கள். டீச்சர் போகக் கூடாது என்பது தீர்மானம்.

மளமளவென்று கைகள் எழுந்தன. இருந்துவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டேன். முத்துமாரி மட்டும் கையைத் தூக்கவில்லை. "ஏட்டி, தூக்குட்டி" என்று அண்ணன் இடித்தும் அசையவில்லை. மத்தியானம் நான் அம்மாவுக்குப் போன் போடும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கிறவள் அவள். எழுந்து நின்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க போங்க டீச்சர். அங்கன உங்கம்மா ஒத்தையில கிடக்காவள்லா."

பெரும்பான்மைதான் ஜெயிக்கும் என்று வருஷக்கணக்கில் பாடம் நடத்திவிட்டு, ஒற்றை ஓட்டில் தோற்றுக் கோவில்பட்டிக்கு வந்த வாத்தியாரம்மா நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.