பரிசு பெற்ற செடியை வெட்டும் விதி

எங்கள் சங்கத்தில் பரிசு வாங்குகிற செடியை வெட்டிவிடுவார்கள். இது தண்டனை மாதிரி இருக்கிறதே என்று வெளியாள் யாராவது கேட்டால், வழக்கம் என்று பதில் வரும்.

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கொடைக்கானலிலும் சுற்று ஊர்களிலும் ஹோஸ்டா என்கிற இலைச்செடியை வளர்க்கிற பதினோரு பேர், அவ்வளவுதான். ஹோஸ்டாவைப் பூவுக்காக யாரும் வளர்ப்பதில்லை. இலைதான் அதற்கு அழகு. ஜனவரிப் பனியில் இலையெல்லாம் கருகி மண்ணோடு போய்விடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்க்கப் போகிற நேரத்தில், மார்ச்சில் முளை எட்டிப் பார்க்கும். முதல் சில வருடம் இலை உள்ளங்கை அளவுக்குமேல் வராது. ஒரே தொட்டியில் யாரும் நோண்டாமல் ஆறேழு வருடம் இருந்தால்தான் இலை முறம்போல் விரியும், மெத்தையில் தையல் போட்டதுபோல் அதில் மேடு பள்ளம் விழும். மண்ணுக்குள் இருக்கிற கிழங்கை வெட்டினால் மறுபடியும் உள்ளங்கையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதெல்லாம் நன்றாகத் தெரிந்த பதினோரு பேர்தான் இந்த விதியையும் வைத்துக்கொண்டிருந்தோம்.

விதி வந்த கதை இதுதான். ஆரம்பத்தில் எங்களோடு இருந்த ஒருவர் வீட்டை விற்றுவிட்டு மகனோடு இருக்கக் கோயம்புத்தூர் போனார். பரிசு வாங்கிய செடியையும் எடுத்துக்கொண்டு போனார். அந்த வெயிலில் அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. மலையில் அதற்கு மறுகன்று கிடையாது. அன்றைக்கு எங்கள் செயலாளர் டீச்சர் எழுந்து, இனிமேல் பரிசு பெறும் செடியை வருடாந்தரக் கண்காட்சி மேடையிலேயே வெட்டி எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்துவிட வேண்டும், அப்போதுதான் செடி மலையை விட்டுப் போகாது என்றார். எல்லோரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். பத்துப் பேர் தூக்கும்போது ஒருவன் மட்டும் கையைக் கீழே வைத்திருந்தால் எல்லோரும் நம்மையே பார்ப்பார்கள்.

அப்படி வெட்டி வாங்கிய துண்டுகள் என்ன ஆயின என்று யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும். எங்களில் ஒருவரான விடுதி மேலாளர் தன் துண்டை வரவேற்பறையில் வைத்தார். வெளிச்சமில்லாமல் வெளுத்துப் போயிற்று. கவுஞ்சி ஊர் விவசாயி பூண்டு வயல் ஓரத்தில் நட்டார். களை எடுக்க வந்த பெண்கள் அதையும் சேர்த்துப் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டார்கள். இன்னொருவர் வீட்டு வேலிக்குள் காட்டுமாடு வந்து, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதை மட்டும் தின்றது. மீதியை நத்தை பார்த்துக்கொண்டது. டீச்சர் வீட்டில் மட்டும் ஒன்றிரண்டு பிழைத்தன. செடி மலையை விட்டுப் போகவில்லைதான். மலையிலேயே செத்தது.

நான் கடைத்தெருவில் ஸ்வெட்டர், குல்லா, சால்வை விற்கிறவன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நான்கு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். என்னிடம் ஒரு ஹோஸ்டா இருக்கிறது. நீலம் கலந்த பச்சை, ஓரத்தில் மட்டும் மெல்லிய மஞ்சள். ஒன்பது வருடமாக ஒரே சிமெண்டுத் தொட்டி. ஒன்பது வருடமும் அதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனதில்லை. பரிசு கிடைத்துவிடும் என்ற பயம்தான்.

கண்காட்சியை மே மாதத்தில் வைப்பது எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சல். ஊரே நிரம்பி வழிகிற சீசன். வருடத்தில் எனக்கு வியாபாரம் நடக்கிற ஆறு வாரம் அது. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். கூட்டம் என்றால் செடியைப் பற்றிப் பேசுவது கால்மணி நேரம். போன கூட்டத்தின் குறிப்பை வாசிப்பது, அதில் திருத்தம் சொல்வது, திருத்தத்துக்கு நன்றி சொல்வது, பிறகு பன்னும் டீயும். ஒருமுறை கூக்கால் கிராமத்தில் ஒரு தோட்டம் பார்க்கப் போனோம். பஸ்ஸுக்காக மூன்று மணி நேரம் நின்றோம், தோட்டத்தைப் பத்து நிமிடம் பார்த்தோம்.

இந்த வருடம் டீச்சர் போன் செய்தார். வெள்ளிக்கிழமை, நான் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கண்காட்சிக்கு நான்கு செடிதான் பதிவாகியிருக்கிறது, மேசை காலியாகக் கிடந்தால் வருகிற நடுவர் சிரிப்பார், உங்கள் வீட்டுச் செடியைக் கண்டிப்பாகக் கொண்டுவர வேண்டும் என்றார். முடியாது என்ற ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரமாகிறதே என்ற அவசரத்தில் சரி என்றுவிட்டேன். போனை வைத்ததும் என் மனைவி கேட்டாள்.

"கொண்டுபோறேன்னு சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அப்ப கத்தியையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க. அவங்களுக்கு எதுக்கு செரமம்."

பரிசு கிடைக்காமல் செய்துவிடலாம் என்று நினைத்தேன். வழக்கமாக நத்தை ஓட்டை போட்ட இலையைக் கிள்ளிவிட்டுத்தான் கண்காட்சிக்குக் கொண்டுபோவார்கள். நான் கிள்ளவில்லை. ஓட்டை விழுந்த இரண்டு பெரிய இலைகளையும் முன்பக்கம் தெரியும்படி தொட்டியைத் திருப்பி வைத்தேன். டீச்சரைத் தவிர மற்றவர்கள் இலையில் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளவென்று கொண்டுவந்திருந்தார்கள். நான் தூசியைக்கூடத் துடைக்கவில்லை.

நடுவர் பெரியகுளம் பக்கத்துக்காரர், தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்ணெய் தடவிய இலைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் செடியில் எண்ணெய் இல்லை, மருந்து அடித்திருந்ததால் ஓட்டையும் இல்லை; அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் செடி முன்னால் குனிந்தார். நிமிரவே இல்லை.

"ஓட்டை இருக்கு பாருங்க. மருந்தே அடிக்கல. வேஷம் போடாத செடி இது ஒண்ணுதான்" என்றார்.

எனக்கு முதல் பரிசு. இரண்டாவது டீச்சருக்கு. கை தட்டினார்கள். டீச்சர் மேசையில் செய்தித்தாளை விரித்து, ரொட்டி வெட்டும் கத்தியைப் பையிலிருந்து எடுத்தார்.

நான் எழுந்து, எனக்குப் பரிசு வேண்டாம் என்றேன். அது அடக்கம் என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் கை தட்டினார்கள். முன்னைவிடப் பலமாக. டீச்சர் தொட்டியைச் சாய்த்தார்.

"வெட்டாதீங்க டீச்சர்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "ஒன்பது வருஷம் ஆச்சு இந்த எலை வர."

கைதட்டல் நின்றது. கவுஞ்சிக்காரர்தான் முதலில் வாய் திறந்தார்.

"என்ன பாய், பெருநாளைக்கு ஆட்டையே பங்கு போட்டுக் குடுக்கிறீங்க. எலைக்குப் போயி யோசிக்கிறீங்களே."

"ஆடு தின்னத்தான். ஒங்களுக்குக் குடுத்த துண்டக் களையோட பிடுங்கிப் போட்டாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சருக்கு வரவில்லை.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் பாய். ஒருத்தருக்காக மாத்த முடியாது. பரிசு வேணும்னா வெட்டணும்."

"அப்ப பரிசு வேண்டாம்" என்றேன். தொட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மண் கொஞ்சம் செய்தித்தாளில் சிந்தியது.

நடுவருக்கு மலை இறங்க நேரமாகிக்கொண்டிருந்தது. முதல் பரிசுக்காரர் மறுத்தால் அடுத்தவருக்குப் போகும், அவ்வளவுதானே என்று சொல்லி, கோப்பையை டீச்சர் கையில் கொடுத்துவிட்டார். டீச்சருடைய ஒரு கையில் கோப்பை, மறு கையில் கத்தி. எதிரே அவருடைய செடி. வெள்ளை வரி ஓடிய அகலமான இலைகள், நடுவில் பூத்தண்டு ஒன்று அப்போதுதான் கிளம்பியிருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

கத்தி முனையால் பூத்தண்டை விலக்கிப் பார்த்தார். பிறகு கத்தியை மேசையில் வைத்தார். பூத்தண்டு வருகிற சமயத்தில் வெட்டினால் கிழங்கு அழுகும் என்றார். மேலும் இது முழு இலை நிற்கிற மாதம், வெட்டுவதற்கு ஏற்றதல்ல என்றார். ஆகவே பரிசு பெற்றவர் விருப்பப்பட்டால் மட்டும் துண்டு கொடுக்கலாம் என்று விதியைத் திருத்த முன்மொழிந்தார். போன வருடங்களில் வெட்டியதும் இதே மே மாதத்தில்தான்.

"இவ்வளவு வெரசா மாத்த முடியும்னு தெரிஞ்சிருந்தா அந்தத் துண்ட நடாம எம் பூண்டுக்காட்டு ஓரமாவது மிச்சமாகியிருக்கும் டீச்சரம்மா" என்றார் கவுஞ்சிக்காரர்.

பத்துப் பேர் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. இரண்டு கையாலும் தொட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விதி மாறிவிட்டதே, அப்படியானால் பரிசு எனக்குத்தானே வர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, கேட்க முடியவில்லை. இரண்டாவது முறை பேசுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. குறிப்புப் புத்தகத்தில், முதல் பரிசு பெற்றவர் தாமாகவே மறுத்துவிட்டார் என்று எழுதினார்கள். பிறகு பன்னும் டீயும் வந்தன.

அதோடு முடிந்திருக்கலாம். விதியில் விருப்பப்பட்டால் என்ற ஒரு சொல் இருக்கிறதல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள்; கோப்பை டீச்சரிடம் போனாலும் துண்டை என்னிடம்தான் கேட்டார்கள். விடுதி மேலாளர் வந்தார், கிழங்கில் ஒரு முளைக்கண் போதும் என்றார். இன்னொருவர் போனில் கேட்டார். ஒரே வெட்டில் முடிந்திருக்கவேண்டியதைப் பத்துத் தவணையில் கேட்கிறார்களே என்று இருந்தது. யாருக்கும் முகத்துக்கு நேரே பதில் சொல்லாமல் பார்க்கலாம், மழை வரட்டும் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். நான்காவதாக டீச்சரே வந்தார். அவர் கேட்டதும் சுற்றி வளைத்துத்தான்: சங்கத்துக்கு நல்லது, நீங்கள் பெரிய மனசுக்காரர், உங்களுக்கு விருப்பம் இல்லாமலா இருக்கும் என்று.

"விருப்பமில்ல டீச்சர்" என்றேன்.

அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். வியப்புதான் இருந்தது. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, தொங்கவிட்டிருந்த குல்லாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எதையும் வாங்கவில்லை. அடுத்த கூட்டத்தின் தேதியைச் சொல்லிவிட்டுப் போனார். அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான்.