என் வாயில் என் குரல்

என் குரல் கரகரப்பானது. அப்பாவின் குரல் அது. அவர் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருக்கு அப்படி ஆனது. நான் லோரி ஓட்டவில்லை, எனக்கும் அப்படியே அமைந்தது. பண்டமாரானில் எங்கள் வரிசை வீடுகளில் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. சென்னையில்தான் சொன்னார்கள்.

இங்கே மலேசியாவில் தொலைக்காட்சி நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்த என்னைச் சென்னையில் ஒரு படத்துக்குக் கூப்பிட்டார்கள். போனேன். அங்கே கதாநாயகியின் முகம் ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது. படப்பிடிப்பில் நாம் பேசுவதைப் பதிவு செய்வார்கள். பிறகு அதை அழித்துவிட்டு, டப்பிங் அறையில் வேறொரு பெண்ணைப் பேச வைப்பார்கள். இந்த வழக்கம் எனக்குத் தெரியும். என் படத்திலும் அதைச் செய்துவிட்டார்கள் என்பதைத்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

படம் கிள்ளானுக்கு வந்தபோது அப்பா என்னையும் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார். புதுச் சட்டை போட்டிருந்தார். திரையில் நான் வந்ததும் கைதட்டல். நான் வாயைத் திறந்தேன். குழைந்து குழைந்து ஏதோ ஒரு குரல் வந்தது.

"ஏ அண்ணே, ஒங்க மவளுக்குத் தொண்டையில ஆப்பரேஷனா?" என்று பக்கத்து வீட்டு ஆன்டி சத்தமாகக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. வெளியே வந்த பிறகு கார் கதவைத் திறக்காமல் நின்றார்.

"பேசுனது யாரு?"

"டப்பிங்ப்பா. அங்க அப்படித்தான்."

"அப்ப பாதிப் புள்ளதான் படத்துல வந்திருக்கு" என்றார். பிறகுதான் கார் கதவைத் திறந்தார்.

அதற்குப் பிறகும் பல படங்களில் நடித்தேன். எல்லாவற்றிலும் வேறு குரல். நானே பேசுகிறேன் என்று கேட்கும்போதெல்லாம், "ஒங்க மலேசியாத் தமிழ் இங்க எடுபடாது மேடம், நீங்க வாயை மட்டும் கரெக்டா அசைங்க" என்பார்கள். ஒரு பத்திரிகையில் என் குரலில் இருந்த ஏக்கத்தைப் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். பத்திரிகையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். எனக்காகப் பேசிய பெண் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் வேலையை அவள் நன்றாகச் செய்தாள். என் வேலையைச் செய்ய என்னை விடவில்லை என்பதுதான் என் கோபம்.

பிறகு ஒரு தயாரிப்பாளர் முழுப் படத்தையும் இங்கேயே எடுக்க வந்தார். கிள்ளான் துறைமுகத்தில் லோரிகளை அனுப்பும் பெண்ணாக நான். இதிலாவது நானே பேசுகிறேன் என்றேன். "பார்த்துக்கலாம் மேடம்" என்றார். சினிமாவில் அதற்கு அர்த்தம் முடியாது என்பது.

துறைமுக வாசலில் முதல் காட்சி. கூட்ட நடிகர்களாக வந்தவர்கள் நிஜ லோரிக்காரர்கள். வசனத்தில் "வண்டியைப் பின்னால் எடுங்கள்" என்று இருந்தது. சொன்னேன். லோரியில் இருந்தவர் தலையை வெளியே நீட்டிச் சிரித்தார்.

"யாரு தங்கச்சி இங்க அப்படிப் பேசுவா? மேடைப் பேச்சு மாதிரி இருக்கு லா!"

அடுத்த முறை வசனத்தை விட்டுவிட்டு, அப்பா சொல்கிற மாதிரியே கத்தினேன். "அண்ணே, கோஸ்தான் பண்ணுங்க லா! பின்னாடி ஆளு நிக்குது, கண்ணு தெரியலையா?"

லோரி தானாகப் பின்னால் போனது. நடிக்கிறோம் என்பதையே அவர் மறந்துவிட்டார். ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த டைரக்டர் எழுந்து வந்து, "இந்தக் குரல் இருக்கட்டும்" என்றார். தயாரிப்பாளர் பக்கத்திலேயே நின்று, "டப்பிங்ல பார்த்துக்கலாம்" என்றார்.

அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸில் படப்பிடிப்பு. தெருவை மதியம் வரைக்கும் அடைக்க அனுமதி வாங்கியிருந்தார்கள். முக்கியமான காட்சி. எனக்காகப் பேச வழக்கமான பெண்ணையே ஏற்பாடு செய்தாகிவிட்டது என்று அன்று காலையில்தான் மேனேஜர் வாய் தவறிச் சொன்னான். நான் மேக்கப்போடு எதிரே இருந்த வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். சோறு, நண்டுக் குழம்பு, பாகற்காய் வறுவல். நண்டை உடைத்து நிதானமாகச் சாப்பிட்டேன்.

தயாரிப்பாளர் வியர்த்துக்கொண்டு வந்தார். "மேடம், நேரம் போகுது. ரோடு மதியத்தோட கட்."

"எனக்கு யாரு பேசுறா?"

"அதை அப்புறம் பேசலாமே."

"குரல் வேற ஆளுன்னா மூஞ்சிக்கும் வேற ஆளைப் பாருங்க. அக்கா, கொஞ்சம் ரசம்."

பரிமாறிய அக்கா ரசத்தை ஊற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "பாஸ், நீங்களும் ஒக்காருங்க. இது இப்ப எந்திரிக்காது."

கடை முழுக்கச் சிரித்தது. அவர் தெருவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் டைரக்டரை வரச் சொல்லி, எல்லார் முன்னாலும், நானே பேசலாம் என்றார். நியாயம் புரிந்து அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தெரு கைவிட்டுப் போகும் என்று ஒத்துக்கொண்டார். எனக்கு அது போதும். இலையை மடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு போய் நடித்தேன்.

டப்பிங் அறையில் நானே பேசினேன். சில காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பேச வேண்டியிருந்தது. உதட்டுக்குச் சரியாகப் பேசுவது சுலபமில்லை. பேசி முடித்தேன். ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

சென்னையில் படம் சுமாராகத்தான் ஓடியது. கதாநாயகி குரல் ஆம்பளைக் குரல் என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டொரு வாய்ப்புகளில் மறுபடியும் வேறு குரல் என்றார்கள். நான் போகவில்லை. போயிருந்தால் இன்னும் பெரிய நடிகையாகியிருப்பேன் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

கிள்ளானில் அதே தியேட்டருக்கு அப்பாவும் நானும் மட்டும் போனோம். நான் முகக்கவசம் போட்டிருந்தேன். கோஸ்தான் வசனம் வந்தபோது தியேட்டர் சிரித்து விசிலடித்தது. அப்பா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் தன் புருஷனிடம் சொன்னாள். "என்னங்க இது, ஹீரோயின் நம்ம பண்டமாரான் பொம்பள மாதிரியே கத்துது?"

அப்பா திரும்பினார். அந்தக் கரகரத்த குரலில், வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பண்டமாரான் பொம்பளதான் லா. எம்மவ. முழுசா வந்திருக்கா."