நகரும் படியும் வெள்ளிக்கிழமைப் பூசையும்

ரயில் ஸ்டேஷன் துடைக்கிற வேலையில் அழுக்குகூட நின்ற இடத்தில் நிற்கும், மனுஷர்தான் நிற்கமாட்டார்கள். வளைகுடாவில் துடைப்பமும் வாளியுமாகப் பிழைக்கிற சகோதரிகளே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

ஒரு வாரத் தவணை

துபாயில் மெட்ரோ ஓடத் தொடங்கிய புதிதில் என்னை லேபர் கேம்ப் துடைக்கிற வேலையிலிருந்து ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். கேம்ப்பில் வெள்ளிக்கிழமையும் டூட்டி. மூன்று வருஷம் மாதா கோயில் பூசை பார்க்கவில்லை. ஸ்டேஷனில் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல்தான் ரயில். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு டூட்டிக்கு வரலாம். ஆண்டவரே கையில் வைத்துக் கொடுத்ததுபோல் இருந்தது.

ஆனால் எஸ்கலேட்டரில் ஏறி நின்றுகொண்டே பக்கத்துக் கண்ணாடியைத் துடைக்கவேண்டும். எனக்கோ அதில் கால்வைக்கவே பயம். அருள் நிறைந்த மரியே என்று செபத்தைத் தொடங்கி ஒரு காலைத் தூக்குவேன். அதற்குள் படி போய்விடும், கால் அந்தரத்தில் நிற்கும். நான் லிஃப்டிலேயே போய்வருவதை நாலே நாளில் சூப்பர்வைசர் கண்டுபிடித்துவிட்டார். கண்ணூர்க்காரர், என் மூத்த மகன் வயசு.

"சேச்சி, ஒரு வாரம் டைம். ஏறலைன்னா திரும்பவும் கேம்ப். கலாஸ், அவ்வளவுதான்!"

செருப்பு

அந்த வெள்ளிக்கிழமை பூசையில், இதுதான் கடைசிப் பூசையோ என்று தோன்றியது. விடுவதில்லை என்று முழங்காலில் நின்றே முடிவெடுத்தேன்.

மதியம் சைட்டில் வேலைபார்க்கும் நம் ஆட்கள் ரயில் பார்க்கத் திரண்டு வந்தார்கள். ஒருவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். "போட்டுக்கிட்டே போங்கண்ணே, இங்கே யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றேன். அவர் என் வாளியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"நீங்க இப்பத்தான தொடச்சீங்க தங்கச்சி, எப்படி மிதிக்கிறது?"

டிரைவர்

மகன் வீட்டுக்கு விசிட்டில் வந்த ஒரு தூத்துக்குடி அம்மா, பிளாட்பாரத்தில் நின்ற ரயிலின் முன்கண்ணாடி வழியாக எட்டி எட்டிப் பார்த்தார். டிரைவர் கிடையாது, கம்ப்யூட்டரே ஓட்டும் என்றேன். பயப்படுவார் என்று நினைத்தேன். அவருடைய கவலை வேறு.

"ஏளா, அப்போ எறங்கணும்னா யாருகிட்ட சத்தம் குடுக்கிறது?"

ஏழாம் நாள்

கடைசி நாளும் வந்தது. சாயங்காலக் கூட்டம். எஸ்கலேட்டர் அடியில் ஒரு ராமநாதபுரத்துக்காரர் வழியை மறித்துக்கொண்டு, என்னைப்போலவே ஒற்றைக்காலில் தவம் நின்றார். பின்னால் "யல்லா பாய், ஜல்தி!" என்று ஒரே கூச்சல். மேலே சூப்பர்வைசர் கைகட்டி நின்று பார்க்கிறார். அந்த மனுஷர் என் யூனிஃபார்மைக் கண்டதும் கையை நீட்டினார்: "யக்கா, கொஞ்சம் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க."

என்னை நம்பிக் கை நீட்டியவரிடம் என்ன சொல்ல? இறுகப் பிடித்தேன். அருள் நிறைந்த மரியே என்று காலை வைத்தேன். கால் நின்றது. பின்னாலேயே அவரும் ஏறிவிட்டார். ஆமென் சொல்லும்போது தரை வந்துவிட்டது. சூப்பர்வைசர் காதுபடவே அவர் கேட்டார்:

"நான் கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான் வந்தேன், நீங்க எதுக்குக்கா மூடிக்கிட்டு வந்தீங்க?"

அதற்குப்பின் கேம்ப் பேச்சே இல்லை, ஒரு வெள்ளிக்கிழமைப் பூசையும் தவறவில்லை. அந்தப் படி எத்தனை மீட்டர் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்த கணக்கில் அது சரியாக ஒரு அருள் நிறைந்த மரி, துடைக்க இரண்டு கண்ணாடி.