கோடிக்கு ஒரு தள்ளுபடிச் சீட்டு

நான் ஸ்ரீவில்லிப்புத்தூர் ஜவுளிக்கடையில் துணி அளக்கச் சேர்ந்த புதிதில், சேத்தூரிலிருந்து ஒரு பெரியவர் நடந்து வந்தார். இமைமயிர் உதிர்ந்த கண்கள். எந்தத் துணியையும் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கிற பழக்கம்.

பிணத்துக்குப் போர்த்தும் கோடித் துணி கேட்டார். கூடவே, கடை அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்திருந்த தள்ளுபடிச் சீட்டை நீட்டினார்.

முதலாளியின் கை பின்வாங்கியது. "கோடிக்கு வெல கொறைக்க மாட்டாக, ஆகாது. சும்மா வேணா எடுத்துட்டுப் போங்க."

"ஓசிக் கோடியில நான் படுக்க மாட்டேன். சீட்டுக் கழிச்சாத்தான் எங்கிட்ட இருக்கிறது பத்தும்."

"ஒங்களுக்கா?"

"எனக்கு வேற யாரு வாங்குவா?"

முதலாளி சீட்டில் பாதியைக் கிழித்துக்கொண்டார். நான் பெரியவர் உயரத்துக்குத் துணி கிழித்தேன். கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்.

கோடி வாங்கியவரை 'மறுபடி வாங்க' என்று அனுப்புவதில்லை. அவரும் 'வாரேன்' என்று சொல்லிக்கொள்ளாமல் போகவேண்டும். அவரோ வாசலில் நின்று மிச்சச் சீட்டை என்னிடம் காட்டினார்.

"ஏலே, இதுல என்ன போட்டிருக்கு?"

யோசிக்காமல் வாசித்துவிட்டேன். "மீண்டும் வருக."

"அப்படியா. வாரேன்."

மறுநாளே முதலாளி சீட்டுக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். இருபது வருஷமாகிறது. இன்னும் கடைவாசலில் நிழல் விழுந்தால், வந்தவர் முகத்தை நான் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறேன்.