எண்ணெய்க்குப் பதில் எள்ளு

என் அக்கா புருஷன் சண்முகையாவைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். தாலுகா ஆபீசில் கிளார்க். லஞ்சம் வாங்காத கை. பீடி, வெற்றிலை கிடையாது. கொஞ்சம் பேச்சு அதிகம், அது ஒன்றுதான் குறை என்பார்கள். ஊர்க்காரனுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவான். அந்த வாயோடு குடித்தனம் நடத்தியவள் என் அக்கா வள்ளித்தாய். நான் அவள் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழு, எழுபத்தெட்டு வாக்கில் அத்தானுக்கு வயிற்றுப்புண் வந்தது. அதுவரை அவர் எண்ணெய்ப் பலகாரத்துக்கு உயிரை விடுகிறவர். ஆபீஸ் விட்டதும் ரதவீதி டீக்கடையில் வடை தின்னாமல் வீடு வந்து சேர மாட்டார். எத்தனையோ மருந்து மாத்திரை சாப்பிட்டும் கேட்கவில்லை. யாரோ இயற்கை உணவு முகாம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். தேங்காய், பழம், ஊறவைத்த நிலக்கடலை, முளைகட்டின பயறு என்று தின்றுவிட்டு வந்தார். புண் ஆறிவிட்டது. அது பொய்யில்லை. ஆறாமல் இருந்திருந்தால் என் அக்கா தப்பித்திருப்பாள்.

ஊர் திரும்பிய அன்றைக்கே அடுப்படியில் இருந்த எண்ணெய்த் தூக்குவாளியை எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். நான் போனபோது அக்கா அடுப்புக்கு முன்னால் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏலே காசி, இங்கன வா. நல்லா யோசிச்சுப் பாரு,” என்றார் அத்தான். “எள்ளுல எல்லாச் சத்தும் இருக்கு. அதைப் பிழிஞ்சா என்ன ஆகுது? சுண்ணாம்புச் சத்து, நார்ச்சத்து எல்லாம் பிண்ணாக்கோட மாட்டுக்குப் போயிருது. மாடு கொழுகொழுன்னு நிக்கி. நாம வெறுங் கொழுப்பைக் குடிச்சிட்டு நெஞ்சைப் பிடிச்சிட்டு அலையுதோம். எள்ளைத் தின்னு, கடலையைத் தின்னு, தேங்காயைத் தின்னு. பிழிஞ்சு எடுத்ததைத் திங்காத.”

“அப்ப தீவாளிக்குத் தலையில எள்ளை அரைச்சா தேய்க்கணும் அத்தான்?”

“தேய்க்கதுக்கு எண்ணெய வச்சுக்கோ. திங்கதுக்குத்தான் வேண்டாங்கேன்.”

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரியாகவே இருக்கலாம். எண்ணெயைக் குறைக்கச் சொல்லி டாக்டர்களும் அப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் சரியான பேச்சை வைத்துக்கொண்டே ஒரு வீட்டை எப்படிப் பாடாய்ப் படுத்தலாம் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். குறைத்துக்கொள்வோமே என்று அக்கா ஒரு தடவை கெஞ்சினாள். “விஷத்துல கொறைச்ச விஷம், கூட்டின விஷம்னு உண்டா?” என்று கேட்டார். அவள் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

தோசைக்கல்லில் கத்தரிக்காய்க் காம்பைத் தேய்த்து ஊற்றிப் பார்ப்பாள். பாதி கல்லோடு ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டிச் சுரண்டியே அவளுக்குத் தோசை வெறுத்துவிட்டது. எப்போதாவது என் வீட்டுக்கு வந்தால் என் பெண்டாட்டி மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெய் குழைத்து வைப்பாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்பாள். “காரம்லே” என்பாள். காரமாம்! எனக்குத் தெரியாதா?

அவளுக்கு ஒரே மகள், முத்துத்தாய். அவள் முகத்தைப் பார்த்துத்தான் அக்கா உயிரை வைத்திருந்தாள். மகளை ராயகிரியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. நிலம் நீச்சு உள்ளவர்கள், நல்ல சனங்கள். சம்பந்தி மூக்காண்டிக்கு மட்டும் பல வருஷமாக மூச்சிழுப்பு நோய். சம்பந்தியம்மா முப்பிடாதியம்மாள் வாய்த்துடுக்குக்காரி, ஆனால் மருமகளை மகள் மாதிரி வைத்திருந்தாள்.

எண்பத்தொன்றில் முத்துத்தாய் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். ஆண் குழந்தை. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கு உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பண்ணி, அது நிறைய நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். இடுப்புக்குப் பலம். அத்தான் விடவில்லை. எண்ணெய்க்குப் பதில் எள்ளை வறுத்து அரைத்துப் போடச் சொன்னார், தேங்காய்ப் பால் ஊற்றச் சொன்னார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பிள்ளை தகப்பன் முகத்தைப் பார்ப்பாள், தாய் முகத்தைப் பார்ப்பாள், பேசாமல் விழுங்குவாள். தாய்ப்பாலுக்குக் குறைவில்லை, குழந்தையும் உருண்டு திரண்டு வந்தது. அவ்வளவுதான், அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசுக்குப் போகிறவன் வருகிறவனையெல்லாம் கூப்பிட்டுப் பேரனைக் காட்டினார்.

தாயையும் பிள்ளையையும் கூட்டிப்போகச் சம்பந்தி வீட்டார் கார் பிடித்து வந்தார்கள். பிறந்த வீட்டுச் சீரில் எது குறைந்தாலும் ஒரு டின் நல்லெண்ணெய் குறையக் கூடாது. பிள்ளை பெற்ற உடம்புக்கு இன்னும் ஒரு வருஷம் எண்ணெய் வேண்டும் அல்லவா? சீரில் முதல் பொருளை மாமியார் மடியில் வாங்குவாள். அதுதான் முறை.

டின்னை நான் வாங்கி வரட்டுமா என்று முதல் நாளே அத்தானிடம் கேட்டேன். “எல்லாம் ரெடி பண்ணியாச்சு” என்றார். நல்ல காரியத்துக்காவது மனுஷன் இறங்கி வந்தாரே என்று நினைத்தேன்.

முப்பிடாதியம்மாள் சிரித்துக்கொண்டே மடியை ஏந்தினாள். அத்தான் ஓர் ஓலைப்பெட்டியைத் தூக்கி வந்து அப்படியே கவிழ்த்தார். கருகருவென்று பச்சை எள்ளு. திருவேங்கடத்துக் கரிசலில் விளைந்தது, தானே புடைத்து, கல் பொறுக்கிக் காயவைத்தது என்றார். உள்ளே ஒரு மூட்டை இருக்கிறது என்றார்.

எள்ளை எண்ணெயாகக் கொடுக்கலாம், உருண்டை பிடித்துக் கொடுக்கலாம். பச்சை எள்ளாக ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் கைக்குப் போவது எங்களில் செத்தவர் காரியத்துக்குத்தான். எள்ளும் தண்ணீரும் இறைப்பதற்குத்தான். பச்சைப்பிள்ளை தொட்டிலில் கிடக்கிறது, வாசல்பக்கம் மூக்காண்டி இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் பெண்டாட்டி மடியில் எள்ளு.

“அண்ணாச்சி, என்ன செஞ்சு போட்டீய!” முப்பிடாதியம்மாள் மடியை உதறிவிட்டு அலறினாள். “சீருக்கு எள்ளா? எங்க வீட்டுல யாரு செத்தா, யாருக்கு இறைக்கச் சொல்லுதீய?”

“இதெல்லாம் மூடநம்பிக்கைம்மா. எண்ணெயில இல்லாத சத்து இதுல இருக்கு. சம்பந்தியே தினம் ஒரு கை மென்னு தின்னட்டும். எண்ணெய்ச் சட்டிப் பண்டத்தை விட்டா அவுக இழுப்புகூட நின்னுபோகும்.”

“அத்தான், வாயை மூடும்!” என்றேன். ஓடிப்போய் பஜாரில் ஒரு டின் எண்ணெய் தூக்கிக்கொண்டு வந்தேன். வாசலில் கார் இல்லை. அக்கா தரையில் சிந்தின எள்ளைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் கூட்டினதைத் திரும்பப் பெட்டியில் அள்ளிக்கொண்டிருந்தார், வீணாகக் கூடாதாம்.

அந்த மாசம் முடிவதற்குள் மூக்காண்டி இறந்துபோனார். இழுப்புக்காரர், வாடைக் காற்று வேறு. எள்ளு கொல்லுமா? கொல்லாது, எனக்கும் தெரியும். ராயகிரியில் போய் அதை யார் சொல்வது? துட்டி கேட்க நாங்கள் மூன்று பேரும் போனோம். பெண்கள் அக்காவுக்கு வழிவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். அத்தான் பந்தலில் ஆண்களோடு உட்கார்ந்தவர், சும்மா உட்கார்ந்திருக்கலாம் அல்லவா?

“அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன், எண்ணெய்ப் பண்டத்தை விடுங்கன்னு,” என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். மெதுவாகச் சொல்லவும் அவருக்கு வராது. “கேட்டிருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பாரு.”

சாவு வீட்டில்! புருஷனைப் பறிகொடுத்தவள் உள்ளே கதறிக்கொண்டிருக்கிறாள், இந்த மனுஷன் பத்தியம் சொல்கிறார். எனக்கு அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டும்போல் இருந்தது. அதற்குள் முத்துத்தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அழுது வீங்கின முகம்.

“அப்பா, நீங்க சொல்லுதது எல்லாம் சரியாத்தான் இருக்கும். எந்திரிங்க. இனிமே இந்த வாசப்படிக்கு வராதீய. என்னையும் அங்க கூப்பிடாதீய.”

“ஏட்டி, நான் என்னட்டி செஞ்சேன்?” என்று அக்கா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

முத்துத்தாய் கையை உருவிக்கொண்டாள். “பெட்டியில என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்லா. பிடுங்கி உள்ள வச்சிருக்கலாம்லாம்மா. ஒரு வார்த்தை, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா.”

பஸ்ஸில் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தாள். “துக்கத்துல பேசுதா, சரியாயிருவா” என்றார் அத்தான். பையிலிருந்து ஊறவைத்த கடலையை எடுத்து எங்களிடம் நீட்டினார்.

சரியாகவில்லை. நான் நாலைந்து தடவை ராயகிரிக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். மாமனுக்குக் காப்பி கொடுப்பாள், பிள்ளையைத் தூக்கத் தருவாள். அம்மா பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். இரண்டாவது பிள்ளை பிறந்த சேதியே எங்களுக்கு அடுத்தவர் வாய் வழியாகத்தான் வந்தது. அக்கா அதன்பின் என் வீட்டுத் தோசைக்கும் வருவதில்லை.

அத்தான் எண்பத்தெட்டில் ரிட்டயரானார். அப்போது அவருக்கு ஊரில் பெரிய பெயர். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று வருகிறவர்களெல்லாம் அவரிடம் யோசனை கேட்பார்கள். அவரால் சுகப்பட்டவர்களும் உண்டு, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அவர்கள் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அக்கா முந்தின வாரமே மகளுக்கு ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள். கூட்டம் தொடங்கினதிலிருந்து அவள் மேடையைப் பார்க்கவே இல்லை, வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை.

ஒரு டாக்டர் மேடையிலேயே அத்தான் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். “இருபது வயசுப் பையனுக்கு இருக்கிற மாதிரி இருக்கு. அண்ணாச்சி நூறு வயசு நிச்சயம்,” என்று மைக்கில் அறிவித்தார். மண்டபமே கைதட்டியது. அத்தான் எல்லாரையும் கும்பிட்டார்.

அக்கா வாசலிலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினாள்.

“கேட்டியாலே காசி, நூறு வயசாம்,” என்றாள். “அதுவரைக்கும் அந்த வீட்டுல இவரோட நான் மட்டும் இருக்கணுமாக்கும்.”