பேலட் கட்டை கிடார்

இப்போதெல்லாம் பழைய பேக்கிங் பலகையில் செய்த கிடாருக்குக் கடைகளில் பெரிய மரியாதை. காட்டை அழிக்காத மரம் என்று அட்டை தொங்கவிட்டு விற்கிறார்கள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் மாமா அதைச் செய்தபோது ஒரு சர்ச்சே சிரித்தது.

அம்மாவின் தம்பி அவர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் சரக்கு ஏற்றும் மரத்தட்டு, அதாவது பேலட், அடிக்கிற வேலை. எனக்குப் பதினொரு வயது. பக்கத்து வீட்டு அண்ணனின் கிடாரில் நாலு பாட்டு பழகியிருந்தேன். சர்ச் பாட்டுக் குழுவில் வாசித்தே தீருவது என்று பிடிவாதம். சொந்தக் கிடார் இருந்தால்தான் சேர்ப்பார்களாம். என்ன சட்டமோ! டிசம்பர் முதல் ஞாயிறு தேர்வு. விட்டால் அடுத்த வருடம்தான்.

மாமா, கப்பலில் வந்த பைன் மரப் பெட்டிகளில் ரேகை நெருக்கமாக ஓடிய பலகைகளாகப் பொறுக்கி எடுத்தார். விலை உயர்ந்த கிடாரின் முகப்பும் இதற்குப் பங்காளி மரம்தான் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். கழுத்துக்கு ரோட்டோரம் வெட்டிப் போட்டிருந்த வேலிக்காத்தான் முள்மரம். இரண்டு மாதம் இழைத்தார். நான் தினமும் போய் உயிரை எடுத்தேன்.

"இன்னா பாப்பா பேஜார் பண்ற? இது இன்னா பேலட்டா, நாலு ஆணி அடிச்சி லாரில ஏத்த?"

சனிக்கிழமை சாயங்காலம், கம்பிகளைப் பிடித்துக்கொள்ளும் சின்னக் கட்டையை முகப்பில் பசை போட்டு ஒட்டி, மேலே இரண்டு செங்கல் வைத்தார்.

"செவ்வாக்கெழம கம்பி பூட்டலாம்."

"நாளைக்கு தான் மாமா செலக்‌ஷன்!"

"நா குழுத் தலைவரு கைல பேசிக்கிறேன். நீ கல்ல தொடாத."

சொல்லிவிட்டு நைட் ஷிஃப்ட் போய்விட்டார். எங்கள் வீட்டில் ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பது என்றால் ஆணி அடிப்பது. அடித்த நொடியே நிற்கும். பசைக்கு மட்டும் என்ன மூன்று நாள்? காலையில் அவர் திரும்புமுன் போய்ச் செங்கல்லைத் தூக்கிப் போட்டேன். நானே கம்பி பூட்டினேன்.

சர்ச் வாசலில் எல்லோர் முன்னாலும் சுருதி கூட்டினேன். நாலாவது கம்பியை முறுக்கும்போது அந்தச் சின்னக் கட்டை படீரென்று பிய்ந்து தெறித்தது.

வாசலே சிரித்தது. பாட்டுக் குழுத் தலைவரும் சிரித்தார். "பேலட்ல பாட்டு எப்டிம்மா வரும்? லோடு தான் ஏத்தலாம்."

அந்த நேரம் பார்த்து மாமா வேலைச் சட்டையோடு வந்து நின்றார்.

"எல்லாம் உன்னால தான்! மட்டக் கட்டையில செஞ்சி என்ன அசிங்கப்படுத்திட்ட!" என்று கத்தினேன்.

மாமா தெறித்த கட்டையைப் பொறுக்கித் திருப்பினார். மரத்தில் ஒரு சிராய் பெயரவில்லை. அடியில் பசை பால் வெள்ளையாகப் பிசுபிசுத்தது. காய்ந்த பசை வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும் என்பது எனக்குத் தெரிய இன்னும் பத்து வருடம் ஆனது. அவருக்குத் தெரியும். என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஆமா சார், கட்டை தான் சரியில்ல. என் தப்பு. பாப்பாவ சேத்துக்கோங்க. நல்லா வாசிக்கும்."

"அடுத்த வருசம் பாக்கலாம்," என்றார் தலைவர்.

மாமா அதன்பின் கிடார் செய்யவில்லை. அன்று கைப் பசையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என்னோடு நடந்தார். தப்பை ஒப்புக்கொண்டாரே என்று பாதி வழியில் எனக்கு மனசு இளகியது. பெரிய மனுஷி மாதிரி அவரை மன்னித்தேன். அதை அவரிடமே சொல்லவும் செய்தேன்.

"சரி பாப்பா," என்றார்.